காணாமல் போன கேக் கத்திகள்

இல்லத்தின் கேட்டில் பூட்டுத் தொங்கியது. பிரேக் அண்ணன் அதை ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தார். பூட்டு பூட்டுத்தான், பேச்சுக்கு இடமில்லை. கேட்டுக் கம்பியில் ஒரு அட்டை கட்டியிருந்தது. 'இன்று கேக் விற்பனை, எல்லோரும் ஹாலுக்கு வாருங்கள்' என்று கலர் கலராக எழுதியிருந்தார்கள். பக்கத்தில் ஒரு கேக்கை வரைந்து, அதற்குக் கண் மூக்கு வைத்துச் சிரிக்கவும் விட்டிருந்தார்கள்.

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. பக்கத்தில் மகள் நின்றுகொண்டிருந்தாள்.

பிரேக் அண்ணன் என்பது டிப்போவில் வைத்த பெயர். ஆயுசெல்லாம் பஸ்ஸுக்கு அடியில் படுத்து பிரேக் பார்த்த ஆள் என்பது பாதிக் காரணம். யார் எந்த யோசனை சொன்னாலும் முதல் ஆளாக 'நில்லு' என்பார் என்பது மீதிக் காரணம். பள்ளிக்கூடத்தை மழைக்கு ஒதுங்கின அளவில் விட்டுவிட்டு வந்தவர். படித்தவன் சிரித்துப் பேசினால் பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்.

மகளை வீட்டில் சிட்டு என்று கூப்பிடுவார்கள். முப்பது வயதைத் தாண்டிவிட்டாள். ஆட்டிசம் என்று டாக்டர்கள் பெயர் சொன்னபோது அவள் கைக்குள் அடங்குகிற அளவு இருந்தாள். பெயர் தெரிந்ததால் பாரம் ஒன்றும் குறைந்துவிடவில்லை. பேச்சு கொஞ்சம், பிடிவாதம் நிறைய. அது மட்டும் அப்பன் வழி என்று மனைவி குத்திக்காட்டுவாள்.

இந்த மாதிரிப் பிள்ளைகளைப் பகலில் வைத்துப் பார்த்துக்கொண்டு, வீட்டில் இருப்பவர்களைக் கொஞ்சம் மூச்சு விடச் சொல்வதுதான் இல்லத்தின் வேலை. பிள்ளைகள் என்றால் அதில் நரைத்த பிள்ளைகளும் உண்டு. ராத்திரிக்கு வைத்துக்கொள்ள ஆள் கிடையாது, ஆள் போடச் சம்பளம் கிடையாது. அந்தச் சம்பளத்துக்காகத்தான் இன்றைக்குக் கேக் விற்கிறார்கள். விற்பதற்காக இல்லத்து ஆட்கள் ஒருத்தர் விடாமல் ஹாலுக்குப் போய்விட்டார்கள். லீவு நாள்தானே, பெற்றவர்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்வார்கள் என்று இவர்கள் நினைத்தார்கள். கேக் விற்கப் போகவேண்டும், பிள்ளையை இல்லத்தில் விட்டுவிடலாம் என்று அவர்கள் நினைத்தார்கள். மாதக்கணக்கில் கூட்டம் போட்டு, எந்த மேஜைக்கு எந்தக் கலர் விரிப்பு என்பது வரைக்கும் பேசித் தீர்த்தவர்கள் இதை மட்டும் வாய் திறந்து கேட்கவில்லை.

ஓய்வு கொடுக்கிற வீட்டுக்கே இன்றைக்கு ஓய்வு என்று பூட்டைப் பார்த்து முணுமுணுத்தார். வீட்டுக்குத் திரும்பவும் வழியில்லை. மனைவி காலையிலேயே ஹாலுக்குப் போய்விட்டாள். அவள் சுட்ட கப் கேக்கில் பாதி இவருடைய காரின் பின் சீட்டில் இருந்தது.

சிட்டு அட்டையில் வரைந்த கேக்கைச் சுற்றி விரலை ஓட்டினாள். "முழுசு" என்றாள். பிறகு காரில் ஏறித் தானே பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள். வேறு வழியில்லாமல் அவர் காரை ஹால் பக்கம் திருப்பினார்.

சிட்டுவுக்கு வட்டமாக இருப்பது வட்டமாகவே இருக்கவேண்டும். மூடி, சக்கரம், ஆரஞ்சு, வெங்காயம், எதுவானாலும் சரி. முழுசாக இருந்ததை அவள் கண் முன்னால் வெட்டினால் போச்சு. தன்னையே வெட்டின மாதிரி அலறுவாள், முஷ்டியை மடக்கி நெற்றிப்பொட்டில் இடித்துக்கொள்வாள். எப்போது அடங்குவாள் என்று அவளுக்கே தெரியாது. வெட்டின துண்டாகவே தட்டில் வந்தால் வம்பில்லை, பேசாமல் சாப்பிடுவாள். வெட்டுவதைப் பார்க்கக் கூடாது, அவ்வளவுதான். அதனால் அந்த வீட்டுச் சமையலறையில் கத்தி கிடையாது. வெங்காயம் முதல் பிரெட் வரைக்கும் எல்லாவற்றையும் மனைவி பின்பக்கம் துணி துவைக்கிற இடத்தில், கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு குட்டை ஸ்டூலில் முட்டியை மடக்கி உட்கார்ந்துதான் நறுக்குவாள். இத்தனை வருஷமாக. இன்றைக்கு அவளுடைய இரண்டு முட்டியும் தேய்ந்துபோனதில் அந்த ஸ்டூலுக்கும் பங்கு உண்டு என்று பிரேக் அண்ணன் நினைப்பதுண்டு. வாய்விட்டுச் சொன்னதில்லை.

முட்டி ஆபரேஷனுக்கு டாக்டர் இரண்டு தடவை தேதி கொடுத்தார். இரண்டு தடவையும் இவர்கள்தான் தள்ளிப்போட்டார்கள். சிட்டுவை எங்கே விடுவது? மூன்றாவது தேதியைக் கொடுக்கும்போது டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இதையும் விட்டால் அப்புறம் சக்கர நாற்காலிதான், என்னிடம் வந்து நிற்காதீர்கள் என்றார். ஆஸ்பத்திரியில் மனைவியோடு இவர் இருக்கவேண்டும். அத்தனை ராத்திரியும் சிட்டு இல்லத்தில் இருக்கவேண்டும். அதற்கு ராத்திரி ஆள் வேண்டும், ஆளுக்குச் சம்பளம் வேண்டும், சம்பளத்துக்குக் கேக் விற்கவேண்டும். பெடலிலிருந்து சக்கரம் வரைக்கும் போகிற பிரேக் லைன் மாதிரித்தான் இது. நடுவில் எங்கே ஒரு சொட்டு ஒழுகினாலும் மிதித்தது மிதித்தபடி கிடக்கும், வண்டி நிற்காது.

இதில் இன்னொரு ஒழுகலும் இருந்தது. அது அவர் வைத்த ஓட்டை. ராத்திரிப் படுக்கை கொஞ்சம்தான், அடங்கி இருக்கிறவர்களுக்குத்தான் முதலில் என்று இல்லத்துப் பொறுப்பாளர் சொல்லியிருந்தார். அவரை எல்லோரும் மேட்ரன் என்பார்கள். உங்கள் பெண் எதற்காவது மிரளுவாளா என்று மேட்ரன் கேட்டபோது, பிரேக் அண்ணன் கண்ணை இமைக்காமல் சொன்னார்: "பசு மாதிரிங்க. இருக்கிற இடமே தெரியாது." பகலில் சாப்பாடு வீட்டு டப்பாவிலேயே போய்விடும். அங்கே கொடுப்பது பாக்கெட் பிஸ்கட்தான். அதனால் பொய் இதுவரைக்கும் உயிரோடு இருந்தது.

ஹாலுக்குள் நுழைந்ததும் அவர் முதலில் பார்த்தது கத்திகளை.

மடக்கு மேஜைகளை வரிசையாகப் போட்டு, ஒவ்வொன்றின் மேலும் கேக்குகளை உட்காரவைத்திருந்தார்கள். சாக்லேட்டில் முக்கியது, வெள்ளைக் கிரீம் பூசியது, நடுவில் பள்ளம் விழுந்ததை செர்ரி வைத்து மறைத்தது. அத்தனையும் வட்டம். ஒவ்வொரு மேஜையின் ஓரத்திலும் பேப்பர் நாப்கின் மேல் ஒரு கத்தி. டியூப் லைட் வெளிச்சத்தில் எல்லாம் பளபளவென்று இருந்தன.

மூலை மேஜையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த மனைவி, சிட்டுவைப் பார்த்ததும் முகம் வெளுத்துப்போனாள். எதற்குக் கூட்டிக்கொண்டு வந்தீர்கள் என்று கேட்டாள். வேறு எங்கே விடுவது, உன் இல்லத்துக்குப் பூட்டு என்றார் அவர். அதற்குள் ரெட்டையம்மா வந்துவிட்டாள். தோளுயர இரட்டைப் பிள்ளைகளைப் பெற்றவள், பேங்க்கில் கவுன்டரில் உட்காருகிறவள், இந்த விற்பனைக்கே அவள்தான் இன்ஜின். அவளுடைய இரட்டையர் மேடையைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தார்கள். ஒரு மேஜைக்கு அடியில் காதில் ஹெட்போன் மாட்டிய ஒரு நரைத்த ஆள் விரிப்பின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு சுகமாக உட்கார்ந்திருந்தார்.

"வாங்க பிரேக் அண்ணே, நீங்களும் பூட்டைப் பாத்துட்டுத்தான் வர்றீங்களா?" என்றாள் ரெட்டையம்மா. "இங்க எல்லாரும் அந்தக் கேஸ்தான். யாரும் எதுவும் பேசிக்காதீங்க, முடிஞ்சப்புறம் உக்காந்து அழுதுக்கலாம்."

அவள் சிரித்தாள். அவருக்கு அந்தச் சிரிப்பில் நம்பிக்கை இல்லை.

சிட்டு மேஜை மேஜையாகப் போய்க்கொண்டிருந்தாள். எதையும் தொடவில்லை. ஒவ்வொரு கேக்குக்கும் மேலே காற்றில் விரலால் ஒரு வட்டம் போட்டாள். "முழுசு" என்றாள். அடுத்தது. "முழுசு." அப்படி ஒரு ஹால் இந்த உலகத்தில் இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. முகம் மலர்ந்துபோய், தோளைக் குலுக்கி, தனக்குள்ளேயே சிரித்தாள். அவள் இப்படிச் சிரித்துப் பார்த்து எவ்வளவு காலமாயிற்று என்று அவருக்கு ஞாபகம் வரவில்லை. மேட்ரன் காபி பாத்திரத்துக்குப் பின்னாலிருந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது பார்க்கட்டும். இன்னும் கொஞ்ச நேரத்தில் விற்பனை தொடங்கும், முதல் கத்தி முதல் கேக்கில் இறங்கும். அப்போதும் பார்ப்பார்.

யோசிக்க நேரமில்லை. பிரேக் அண்ணன் பாக்கெட்டிலிருந்து கிரீஸ் துடைக்கிற துணியை எடுத்தார்.

எப்போதும் முறைத்துக்கொண்டே இருக்கிற ஆளை யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. பார்த்தால் ஏதாவது குறை சொல்வார் என்ற பயம். அது அன்றைக்கு உதவியது. மேஜை ஆடுகிறதா என்று பார்க்கிற மாதிரி ஒவ்வொன்றிலும் கை வைத்தார், கத்தியைத் துணிக்குள் தள்ளினார். அடுப்படியிலும் போய்த் துழாவினார். பிறகு பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே வந்து, கார் டிக்கியில் ஜாக்கிக்கு அடியில் மூட்டையைத் திணித்துப் பூட்டினார். ஆயுசில் ஒரு நட்டைக்கூட டிப்போவிலிருந்து வீட்டுக்குக் கொண்டுபோகாத கை அது.

விற்பனை தொடங்கியது. ரெட்டையம்மா மைக்கில் ரெண்டு வார்த்தை பேசினாள், ஜனம் கைதட்டியது, காபி ஊற்றினார்கள். ஒரு துண்டு கேக், ஒரு காபி, அதுதான் கணக்கு. முழு கேக் வாங்க யார் வரப்போகிறார்கள்? ஊற்றின காபி ஆறத் தொடங்கியது. கேக்கை வெட்டக் கத்தி இல்லை.

இங்கேதான் வைத்தேன் என்றாள் ஒருத்தி. நானும்தான் என்றாள் அடுத்த மேஜைக்காரி. விரிப்பைத் தூக்கிப் பார்த்தார்கள், குப்பைக் கூடையைக் கவிழ்த்தார்கள், ஹெட்போன் ஆளை மெல்ல நகர்த்தி அவருக்கு அடியிலும் பார்த்தார்கள். ஒருவேளை இரட்டையர் கையில் இருந்தால் என்று யாரோ சொல்ல, ரெட்டையம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. மைக்கைப் போட்டுவிட்டு மேடைப் பக்கம் ஓடினாள். இரட்டையர் கையில் ஒன்றுமில்லை. பிளாஸ்டிக் ஸ்பூனால் ஒரு கேக்கை வெட்டப் பார்த்தார்கள், ஸ்பூன்தான் இரண்டாயிற்று.

பிரேக் அண்ணன் சிட்டுவுக்குப் பின்னாலேயே நிழல் மாதிரி நின்றார். சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது. வாசலில் ஒரு புருஷன் பெண்டாட்டி வாட்சைப் பார்த்தார்கள், கப்பை வைத்துவிட்டுப் போனார்கள். அவர்களுக்குப் பின்னால் ஒரு குடும்பமே போயிற்று. போகிற ஒவ்வொரு முதுகையும் அவர் பார்த்தார். பிரேக் லைன் ஒழுகுகிறது. ஒழுகுகிற இடம் அவர்தான். கத்தியைக் கொடுத்தால் சிட்டுவுக்குப் படுக்கை போயிற்று. கொடுக்காவிட்டால் படுக்கை என்று ஒன்றே இருக்காது.

மூலை மேஜையைத் தாண்டும்போது மனைவி நாற்காலியிலிருந்தே சாய்ந்து அவர் கையைப் பிடித்தாள்.

"ஏங்க, கத்தி உங்ககிட்டதானே இருக்கு?"

அவர் வேறு பக்கம் பார்த்தார்.

"உங்க கையில கிரீஸ் இருக்கு. இன்னைக்கு நீங்க எந்த வண்டியும் தொடல. போயி எடுத்துட்டு வாங்க, வந்தவங்க போறாங்க."

"குடுத்தா இவ கத்துவா. கத்தினா மேட்ரன் பாக்கும். பாத்தா உன் முட்டி?"

"என் முட்டி கிடக்கட்டும்."

"அதான் கிடக்கே இத்தனை வருஷமா" என்றார் அவர். குரல் உடைந்துவிடும் போலிருந்தது, அதனால் முறைத்தார்.

சரி, சிட்டுவை முதலில் வெளியே கூட்டிக்கொண்டு போய்க் காரில் உட்காரவைப்போம், பிறகு கத்தியைக் கொடுப்போம் என்று ஒரு வழி தோன்றியது. அவள் ஹாலின் நடுவில் இருந்த பெரிய கேக்குக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். மூன்றடுக்கு, வெள்ளை, பஸ் சக்கரத்தில் பாதி இருக்கும். "சிட்டு, வா, கார்" என்றார். அவள் காதில் விழுந்த மாதிரியே இல்லை. கையைப் பிடித்தார். உதறினாள். இன்னும் கொஞ்சம் அழுத்திப் பிடித்தால் இப்போதே கத்துவாள். விட்டார்.

அந்த நேரம் பார்த்து மொட்டை உள்ளே வந்தான். எங்கே போயிருந்தான் என்பது அவன் கையில் இருந்த நியூஸ்பேப்பர் சுருளைப் பார்த்ததும்தான் அவருக்குப் புரிந்தது.

மொட்டை இல்லத்தில் பகல் வேலைக்கு இருக்கிற ஆள். ராத்திரி ஆள் போட்டால் அவனைத்தான் போடுவதாகப் பேச்சு. கறிக்கடையில் வெட்டிக்கொண்டிருந்தவன், கதவு அகலத்துக்கு உடம்பு, முறம் மாதிரிக் கை. இந்தக் கையிலா என் பெண்ணை விடுவது என்று பிரேக் அண்ணன் வீட்டில் பல தடவை கத்தியிருக்கிறார். வேறு யார் கை இருக்கிறது, காட்டுங்கள் என்று மனைவி கேட்பாள்.

பழைய தொழில் கத்தி வீட்டில் இருக்கிறது, பக்கத்துத் தெருதானே, எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன் என்று மொட்டை எல்லோருக்கும் கேட்கச் சொன்னான். ஜனம் சிரித்தது. இரண்டு பேர் கைதட்டினார்கள். "நில்லு" என்று பிரேக் அண்ணன் சொன்னார். ஆனால் அவர் எப்போதும் சொல்வதுதானே அது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இடையில் ஒரு மேஜை, ஒரு காபித் தட்டு, ஒரு பெரியம்மாள். அவர் மேஜையைச் சுற்றி வருவதற்குள் மொட்டை பேப்பரைப் பிரித்து, பெரிய கேக்கில் கத்தியை இறக்கிவிட்டான்.

சிட்டு அலறினாள்.

அந்தச் சத்தத்தை முன்பின் கேட்காதவர்கள் கப்பைக் கீழே போட்டார்கள். ஒரு காபி சரிந்து விரிப்பெல்லாம் ஓடியது. அவள் முஷ்டி நெற்றிப்பொட்டில் ஒரு தடவை இறங்கியது, இன்னொரு தடவை இறங்கியது. பிரேக் அண்ணன் முட்டிமோதி ஓடினார். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை, ஆனாலும் ஓடினார். ஓடும்போதே மேட்ரனின் முகத்தைத் தேடினார். அந்த ஒரு பார்வைக்காக அவர் பிறகு தன்னையே திட்டிக்கொண்டார். பெண் தன்னைத்தானே அடித்துக்கொண்டிருக்கும்போது எவள் முகத்தையோ பார்த்தாயே என்று.

ஆனால் ஹாலில் பாதிப் பேர் கப்பைக் கீழே போடவில்லை. யாரோ மியூசிக்கை நிறுத்தினார்கள். யாரோ அவளுக்கு மேலே இருந்த டியூப் லைட்டை அணைத்தார்கள். ரெட்டையம்மா வேடிக்கை பார்த்தவர்களைக் கோழி ஓட்டுகிற மாதிரி காபி மேஜைப் பக்கம் ஓட்டினாள். ஒருத்தரும் ஒருத்தரிடமும் எதுவும் கேட்கவில்லை. அவர்கள் வீட்டிலும் இதுதானே நடக்கிறது.

மொட்டை கத்தியைப் பின்னால் இருந்தவர் கையில் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நின்றான். சிட்டுவைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை, கேக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய பார்வை போன வழியே அவனும் பார்த்தான். பிறகு காபி மேஜைக்குக் கீழே கிடந்த பெரிய அலுமினிய பேசினை எடுத்து, கேக்கின் மேல் கவிழ்த்தான். கிரீம் நசுங்கியதைப் பற்றிக் கவலைப்படவில்லை. அவள் பக்கத்தில் போய் நின்றான். அவளைப் பிடிக்கவில்லை, பேசவில்லை. அந்த முறம் கையை மட்டும் அவள் நெற்றிக்கும் முஷ்டிக்கும் நடுவில் கொடுத்தான். அடி அவன் உள்ளங்கையில் விழுந்தது. விழுந்துகொண்டே இருந்தது.

பிரேக் அண்ணன் இரண்டு எட்டு தள்ளி நின்றார். போய் அவளைத் தூக்கவேண்டும் என்று உடம்பெல்லாம் துடித்தது. மேட்ரன் அவருக்குப் பக்கத்தில் வந்து நின்றார், தோளைத் தொடவில்லை. கொஞ்சம் பொறுங்கள் என்றார். அவர் பொறுத்தார். அதைப்போல ஒரு கஷ்டமான வேலையை அவர் டிப்போவில் பார்த்ததில்லை.

அலறல் தேய்ந்து முனகலாயிற்று. சிட்டு முஷ்டியைப் பிரித்து, விரலால் பேசினின் விளிம்பைத் தொட்டாள். ஒரு சுற்று வந்தாள்.

"முழுசு?" என்றாள்.

"பேசின் முழுசுதான்" என்றான் மொட்டை. அப்படியே தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தான்.

இன்னொரு சுற்று வந்தாள். பிறகு அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

பிரேக் அண்ணன் மேட்ரனிடம் திரும்பி, கத்தியெல்லாம் என் கார்லதான் இருக்கு என்றார். மெதுவாகச் சொல்லத்தான் நினைத்தார், பஸ்ஸுக்கு அடியிலிருந்தே கத்திப் பழகின தொண்டை, ஹால் பூராவும் கேட்டுவிட்டது. ரெட்டையம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். என் பிள்ளைகளைக் கூடத் துழாவிப் பார்த்துவிட்டேனே, நன்றாக இருப்பீர்களா என்றாள். அவர் தலை குனிந்து நின்றார். திட்டட்டும், அவள் பங்கு அது.

மேட்ரன் அவரைப் பக்கவாட்டுக் கதவுப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். பிரேக் அண்ணன் முந்திக்கொண்டார். தெரியும், படுக்கை இல்லை என்றுதானே சொல்லப்போகிறீர்கள், சொல்லிவிடுங்கள், நான் போய் டாக்டருக்குப் போன் பண்ணவேண்டும் என்றார்.

"பசு மாதிரின்னு சொன்னீங்களே ஐயா" என்றார் மேட்ரன்.

அவர் கையிலிருந்த கிரீஸைச் சட்டையில் துடைத்தார்.

"ரெட்டையம்மாவும் அதைத்தான் சொன்னாங்க, ரெண்டும் பசுன்னு. அந்த ஹெட்போன்காரரோட தங்கச்சியும் அதேதான். இந்த ஹால்ல எத்தனை பசு இருக்குன்னு நீங்களே எண்ணிக்கோங்க." மேட்ரன் சிரிக்கவில்லை. "அடங்கி இருக்கிறவங்களுக்கு முதல்லன்னு நான் சொல்லியிருக்கக் கூடாது. சொன்னேன், எல்லாரும் மறைச்சிட்டீங்க. ஆனா ஒண்ணு கேக்கறேன். இன்னைக்கு இங்க நீங்க இருந்தீங்க. அந்த ராத்திரியெல்லாம் நீங்க இருக்கமாட்டீங்களே."

தலையில் கல்லைப் போட்ட மாதிரி இருந்தது. அவர் இதுவரைக்கும் படுக்கை கிடைப்பது வரைக்கும்தான் யோசித்திருந்தார். அதற்கு அப்புறம் ஒரு ராத்திரி இருக்கிறது. இல்லத்து அடுப்படியில் யாரோ ராத்திரி சாப்பாட்டுக்கு ஒரு வெங்காயத்தை எடுத்து, சிட்டு பார்த்துக்கொண்டிருக்கும்போதே, சாதாரணமாக, இரண்டாக வெட்டுகிறார்கள். ஏன் கத்துகிறாள் என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை. தெரிந்த ஒரே ஆள் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்துகொண்டிருக்கிறான், பொய் பலித்த சந்தோஷத்தில்.

மொட்டை அங்கே வந்தான். உள்ளங்கை சிவந்திருந்தது, அதைக் கால்சட்டையில் தேய்த்துக்கொண்டான். உங்கள் வீட்டம்மா சிட்டு பக்கத்தில் இருக்கிறார்கள் என்றான். பிறகு, எங்கள் கடையிலும் அப்படித்தான், ஒரு ஆட்டுக்கு முன்னால் இன்னொரு ஆட்டை வெட்டமாட்டோம், நடுவில் சாக்கைக் கட்டிவிடுவோம் என்றான்.

"என் பொண்ணு என்ன ஆடா?" என்று பிரேக் அண்ணன் எகிறினார்.

"நீங்கதானே பசுன்னீங்க" என்றான் மொட்டை.

அவருக்குக் கோபம் வந்தது. அவனை அடிக்கலாம் போலிருந்தது, அவன் கையைப் பிடித்துக்கொள்ளலாம் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை.

படுக்கை உண்டா இல்லையா என்று இப்போது கேட்காதீர்கள், வசூல் பெட்டியை இன்னும் திறக்கவில்லை, இன்றைக்குப் போனவர்கள் போனவர்கள்தான் என்றார் மேட்ரன். தேறாவிட்டால் ராத்திரி ஆள் யாருக்குமே கிடையாது. தேறினால் நாளைக்கே சிட்டுவைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், இருட்டுகிற வரைக்கும் மொட்டையோடு இருந்து பார்க்கட்டும். அதற்கு முன்னால் வேறு எதற்கெல்லாம் மிரளுவாள் என்று சொல்லவேண்டும், எல்லாவற்றையும்.

பிரேக் அண்ணன் வாசலைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். வீட்டு விஷயத்தை வெளியே சொல்லிப் பழக்கமில்லை.

"பைப்புல தண்ணி சொட்டினா தூங்கமாட்டா" என்றார்.

"வேற?"

"கதவு அரைகுறையா திறந்திருந்தா பிடிக்காது. சாத்தணும், இல்லாட்டி முழுக்கத் திறக்கணும்." நிறுத்தினார். "மூடி இல்லாத டப்பாவைக் காட்டாதீங்க. மூடியத் தேடிட்டே இருப்பா, விடியற வரைக்கும்."

மொட்டை தலையை ஆட்டிக்கொண்டே கேட்டான். வேற என்று மறுபடியும் கேட்டான். சொல்லச் சொல்ல வந்துகொண்டே இருந்தது.

அதற்குள் ரெட்டையம்மா கழுத்தை நீட்டினாள். கத்தி வருமா, இல்லை கேக்கைக் கடித்துத்தான் விற்கவேண்டுமா என்று கேட்டாள். பிரேக் அண்ணன் டிக்கியைத் திறந்து மூட்டையைக் கொண்டுவந்தார். அவள் ஒரு கத்தியை மோந்து பார்த்து மூஞ்சியைச் சுளித்தாள். கிரீஸ் வாடை. எடுத்தவரே கழுவட்டும் என்று அடுப்படியைக் காட்டினாள். வெட்டுவதெல்லாம் இனி உள்ளே, கதவைச் சாத்திக்கொண்டு. மொட்டை ஒவ்வொரு கேக்கையும் பேசினைக் கொண்டு மூடி அடுப்படி வாசல்வரைக்கும் கொண்டுவந்து தருவான். துண்டு துண்டாகத் தட்டில் வெளியே போகும்.

கழுவினார். மேஜை மேல் முதல் கேக்கை வைத்தார். நின்றுகொண்டே வெட்டுகிற உயரத்தில் மேஜை இருந்தது. வீட்டுக் குட்டை ஸ்டூலை நினைத்து அந்த உயரத்தைக் கையால் அளந்து பார்த்தார்.

கதவுக்கு அந்தப் பக்கம் ஜனம் இன்னும் இருக்கிறதா, எவ்வளவு மிச்சம் என்று தெரியவில்லை. பேச்சுச் சத்தம் கேட்டது, காபித் தட்டு நகர்ந்தது. அதற்கு நடுவில் சிட்டுவின் குரல், கதவை ஒட்டியே, முழுசு என்றது. மொட்டை ஏதோ சொன்னான், என்ன என்று விளங்கவில்லை. பிறகு ஒரு சத்தமும் இல்லை. அவருடைய கை தாழ்ப்பாளுக்குப் போயிற்று. திறந்து ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும்.

திறந்தால் மேஜையும் கத்தியும் அவளுக்குத் தெரியும்.

கையை இழுத்துக்கொண்டார். கத்தியை எடுத்துக் கேக்கின் நடுவில் வைத்தார். காதைக் கதவில் விட்டுவிட்டு மெல்ல அழுத்தினார்.